எல்லை நிபந்தனைகள்: ஓமந்தூர் வட்டார நிலத்தடி நீர் மாதிரி வழியாக ஒரு விளக்கம்

எல்லை நிபந்தனைகள் என்பவை, பொறியியல் உருவகப்படுத்தல் மென்பொருளில் அமைக்கப்படும் ஒரு மாதிரியின் ஓரங்களில் என்ன நடக்கிறது என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும் விவரங்கள் ஆகும். பாலத்தின் உத்தரமாக இருந்தாலும், குழாயில் ஓடும் நீராக இருந்தாலும், ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீராக இருந்தாலும், உலகம் முழுவதையும் கணினிக்குள் கொண்டுவர முடியாது. எங்கோ ஓரிடத்தில் மாதிரியை வெட்டி நிறுத்த வேண்டும். வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள உலகம் மாதிரியை எப்படித் தள்ளுகிறது, தாங்குகிறது, அதற்கு என்ன கொடுக்கிறது என்பதைச் சொல்வதே எல்லை நிபந்தனையின் வேலை.

மாதிரிக்குள் நடப்பதை வகைக்கெழுச் சமன்பாடுகள் விவரிக்கின்றன. அவை பொதுவானவை, எந்த ஊர் நிலத்துக்கும், எந்த உத்தரத்துக்கும் பொருந்தும். ஒரே சமன்பாட்டுக்கு எண்ணற்ற தீர்வுகள் உண்டு. அவற்றுள் குறிப்பிட்ட ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எல்லை நிபந்தனைதான். சீரான பாரம் ஏற்றிய உத்தரம் ஒன்றின் இரு முனைகளும் சுவர்மேல் வெறுமனே தாங்கி நிற்பதாகக் கொண்டால், அதன் நடுப்பகுதி வளையும் அளவு, இரு முனைகளும் அசையாமல் பிணைக்கப்பட்டதாகக் கொண்டால் கிடைப்பதைப்போல ஐந்து மடங்கு. கம்பியும் சிமென்டும் பாரமும் மாறவில்லை. மாறியது ஓரத்தைப் பற்றிய ஒரு வாக்கியம் மட்டுமே.

தவறான எல்லை நிபந்தனையைக் கொடுத்தால் மென்பொருள் பெரும்பாலும் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. அழகான வண்ணப் படத்தோடு விடையைத் தந்துவிடும். ஒன்றுமே கொடுக்காமல் விட்டாலும் ஓரம் வெறுமையாக இருப்பதில்லை. அங்கே மென்பொருள் தன் இயல்புநிலையை நிரப்பிக்கொள்கிறது. கட்டமைப்பு மென்பொருளில் தொடப்படாத பரப்பு, விசை ஏதும் இல்லாத கட்டற்ற பரப்பு. வெப்பக் கணக்கில் அது வெப்பம் கடக்காத சுவர். நிலத்தடி நீர்க் கணக்கில் அது நீர் கடக்காத சுவர்.

மூன்று வகைகள்

பாடநூல்கள் மூன்று வகைகளைச் சொல்கின்றன. முதல் வகையில் ஓரத்தில் அளவே நேரடியாகக் கொடுக்கப்படுகிறது: இங்கே வெப்பநிலை இவ்வளவு, இங்கே நீர்மட்டம் இவ்வளவு. இது டிரிஷ்லே நிபந்தனை எனப்படுகிறது. இரண்டாம் வகையான நாய்மன் நிபந்தனையில் ஓரத்தைக் கடந்து செல்லும் பாய்வு கொடுக்கப்படுகிறது. பாய்வு சுழி என்பதும் இதில் அடங்கும். மூன்றாம் வகையில், உள்ளே உள்ள அளவுக்கும் வெளியே உள்ள அளவுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்துப் பாய்வு அமைகிறது. சூடான பாத்திரம் காற்றில் ஆறுவதும், ஏரியின் அடிச்சேறு வழியாக நீர் கசிவதும் இவ்வகை. இதைக் கோஷி அல்லது ராபின் நிபந்தனை என்பர்.

காலத்தோடு மாறாத நிலையைக் கணக்கிடும்போது எல்லா ஓரங்களிலும் பாய்வை மட்டும் கொடுத்தால் ஒரே ஒரு விடை கிடைக்காது. நீர்மட்டத்தின் வடிவம் தெரியும். அது கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டரிலா 50 மீட்டரிலா என்பது தெரியாது. எங்கும் பிணைக்கப்படாத உத்தரம் கணினிக்குள் மிதந்து போய்விடுவதும் இதே காரணத்தால்தான். எங்காவது ஓரிடத்தில் முதல் வகையோ மூன்றாம் வகையோ இருந்தாக வேண்டும்.

ஓமந்தூர் வட்டாரத்தின் இயற்கை எல்லைகள்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள ஊர் ஓமந்தூர். சென்னை மாகாணத்தின் பிரதமராக 1947 முதல் 1949 வரை இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர் என்றே பலருக்கும் தெரியும். நிலத்தடி நீர் மாதிரி அமைப்பவருக்கு இந்த வட்டாரம் வேறொரு காரணத்தால் சுவையானது. பாடநூலில் உள்ள எல்லா எல்லைகளும் இங்கே ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் கிடைக்கின்றன.

மேற்கே திண்டிவனம், பெருமுக்கல் பக்கம் கடினப் பாறை. இதில் நீர், விரிசல்களிலும் மேலே சிதைந்த பகுதியிலும் மட்டுமே நிற்கும். கிழக்கிலும் தெற்கிலும் படிவுப் பாறைகள்: கிரெட்டேசிய காலத்து வானூர் மணற்கல், அதற்கு மேலே இளைய அடுக்குகள், கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையில் காணப்படும் கடலூர் மணற்கல். இந்த அடுக்குகள் கடலை நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. மணற்கல் நீரை நன்றாகத் தேக்கி, நன்றாக விடும். நெல், கரும்பு, மணிலா, சவுக்கு ஆகியவற்றுக்கு நீர் இறைக்கும் ஆழ்துளைக் கிணறுகள் நம்பியிருப்பது இந்த நீர்தாங்கிகளையே. கிழக்கே வங்காள விரிகுடா. வடகிழக்கே கழுவெளி ஏரி. மரக்காணத்துக்கு அருகே கழிமுகம் வழியாகக் கடலோடு தொடர்புள்ள, ஒரு பகுதி நன்னீரும் ஒரு பகுதி உவர்நீருமான சதுப்பு நீர்நிலை. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் ஈரநிலமாகவும் இது அறிவிக்கப்பட்டது.

இத்தகைய கணக்குகளுக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது மாட்ஃப்ளோ. அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனம் 1984-ல் வெளியிட்டு, இன்றுவரை வளர்த்துவரும் இலவச மென்பொருள் இது. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வரும் நீருக்கும் போகும் நீருக்கும் கணக்கு எழுதுகிறது. மாறாத நீர்மட்டம், ஆறு, வடிகால், கிணறு, மழை ஊடுருவல், ஆவியாதல் என ஒவ்வோர் எல்லைக்கும் தனித்தனி உள்ளீட்டுத் தொகுப்பு உண்டு. அதே நிறுவனம் தரும் மாடல்மியூஸ் என்ற இலவச முகப்பில் இவற்றைத் திரையில் வரைந்தே அமைக்கலாம்.

ஒரே நிலம், மூன்று விடைகள்

எல்லையின் வலிமையைக் காண ஒரு சிறு கணக்கு போதும். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல.

கடினப் பாறை முடியும் இடத்திலிருந்து கடற்கரை வரை 15 கி.மீ. நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு நிலப்பட்டையைக் கொள்க. நீர்தாங்கியின் கடத்துதிறன் நாளுக்கு 500 சதுர மீட்டர். மழையால் ஊடுருவும் நீர் நாளுக்கு 0.1 மி.மீ., அதாவது ஆண்டுக்கு 36.5 மி.மீ. மொத்தத்தில் இந்தப் பட்டைக்கு நாளொன்றுக்கு 1.5 கன மீட்டர் நீர் கிடைக்கிறது. கடலோரத்தில் நீர்மட்டம் சுழி. மேற்கு ஓரம் நீர் கடக்காத சுவர். கிணறுகளே இல்லாவிட்டால், மேற்கு ஓரத்தில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 22.5 மீட்டரில் நிற்கும்; 1.5 கன மீட்டரும் கடலுக்குப் போகும்.

இப்போது பட்டை முழுவதும் பரவலாக நாளொன்றுக்கு 2 கன மீட்டர் இறைக்கப்படுகிறது. வருவதைவிட 0.5 கன மீட்டர் கூடுதல்.

மேற்கு ஓரத்தைச் சுவராகவே விட்டால், கணினி தரும் நிலைத்த விடை இது: மேற்கு ஓரத்தில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே 7.5 மீட்டர், குறைந்த 0.5 கன மீட்டரைக் கடல் தருகிறது. படத்தில் பார்த்தால் நீர்மட்டம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். நின்றது உண்மைதான். நிறுத்தியது உப்பு நீர்.

இரண்டாவதாக, அந்தச் சுவரை எடுத்துவிட்டு, கிணறுகள் வருவதற்கு முன் அங்கே இருந்த 22.5 மீட்டரை மாறாத நீர்மட்டமாகக் கொடுத்துப் பார்க்கலாம். கிணற்றில் அளந்த எண்தானே, அதை அப்படியே ஓரத்தில் எழுதினால் என்ன என்று தோன்றும். மாணவர் திட்டப்பணிகளில் அடிக்கடி நடப்பதும் இதுவே. விடை தலைகீழாகிறது. மேற்கிலிருந்து நாளொன்றுக்கு 1 கன மீட்டர் நீர் உள்ளே வருகிறது. இறைப்பு போக 0.5 கன மீட்டர் இன்னும் கடலுக்கு ஓடுகிறது. கடல்நீர் ஊடுருவலே இல்லை. கிணறு, மழை, மணற்கல் எதுவும் மாறவில்லை. ஆனால் கடினப் பாறையில் இல்லாத நீரை, எவ்வளவு இறைத்தாலும் வற்றாத ஊற்றாக, அந்த ஓர் எண் கொடுத்துவிட்டது. இந்த விடையை நம்பி இன்னும் சில நூறு ஆழ்துளைக் கிணறுகளுக்கு இடமுண்டு என்று ஒருவர் அறிக்கை எழுதினால், அதில் கணக்குப் பிழை எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவழி. பாறைக்குள் நீர்மட்டம் 22.5 மீட்டர், ஆனால் அது விரிசல்கள் வழியே மெல்லத்தான் வர முடியும் என்று மூன்றாம் வகை நிபந்தனை கொடுக்கலாம். ஒவ்வொரு மீட்டர் மட்ட வேறுபாட்டுக்கும் நாளுக்கு 0.01 கன மீட்டர் வரும் என்று வைத்தால், மேற்கிலிருந்து 0.23 கன மீட்டரும் கடலிலிருந்து 0.27 கன மீட்டரும் வருகின்றன. நிலவியல் அறிவோடு ஒத்துப்போவது பெரும்பாலும் இந்த வகையே. ஆனால் 0.01 என்ற அந்தக் கசிவு எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இது கூடவே கொண்டுவருகிறது. எண்ணை மூன்று மடங்குக்குச் சற்றுக் கூட்டினாலே கடல்நீர் வரத்து நின்றுவிடும்.

கடல் எல்லைக்கு என்ன எண்?

கடல்மட்டம் சுழி என்பதால் கடல் எல்லையிலும் சுழியை எழுதுவது வழக்கம். ஆழமில்லாத நீர்தாங்கிக்கு இது பெரிய பிழையல்ல. ஆழமான மணற்கல்லுக்கு இது பிழை. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதல். 100 மீட்டர் ஆழத்தில் கடல்நீரின் அழுத்தம், 102.5 மீட்டர் உயர நன்னீரின் அழுத்தத்துக்குச் சமம். ஆகவே அந்த ஆழத்தில் எழுத வேண்டிய நன்னீர்ச் சமமட்டம் சுழி அல்ல, 2.5 மீட்டர். கடற்கரையோரக் கிணற்றில் நீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டரில் நின்றாலும், அந்த ஆழத்தில் கடல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். நன்னீர் மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் உப்புநீர்ப் பரப்பு ஏறத்தாழ 40 மீட்டர் கீழே தள்ளப்படும் என்ற கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதியும் இதே அடர்த்தி வேறுபாட்டிலிருந்து வருவதே. இதை முறையாகக் கணக்கிட, மாட்ஃப்ளோவோடு உப்புக் கடத்தலையும் இணைக்கும் சீவாட் போன்ற மென்பொருள்கள் உள்ளன.

எல்லை எங்கே என்பதும் எளிதல்ல. கடலை நோக்கிச் சரியும் ஓர் அடுக்கு கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. களிமண் மூடியிருந்தால் அது கடலடியில் பல கிலோமீட்டர் சென்ற பிறகே கடல்நீரைச் சந்திக்கலாம். மணல் தெரியும் இடத்தில் கோடு போடுவது வரைபடத்துக்கு வசதி. நீர்தாங்கிக்கு அந்தக் கோடு தெரியாது.

கழுவெளி: பருவத்துக்குப் பருவம் மாறும் எல்லை

ஏரிகளை மாதிரியில் ‘ஆறு’ தொகுப்பின் வழியாக அமைப்பது வழக்கம். ஏரியின் நீர்மட்டம், அடிமட்டம், அடிச்சேறு நீரை விடும் அளவு ஆகிய மூன்று விவரங்கள் போதும். நிலத்தடி நீர் ஏரி மட்டத்துக்கு மேலிருந்தால் ஏரிக்குள் ஊறும். கீழிருந்தால் ஏரியிலிருந்து கசியும். நிலத்தடி நீர்மட்டம் ஏரியின் அடியையும் தாண்டி இறங்கிவிட்டால், கசிவு அதற்குமேல் கூடாமல் ஒரே அளவில் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், ஏரியில் நீர் இருக்கிறதா என்று இந்தத் தொகுப்பு பார்ப்பதில்லை. கழுவெளி வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி விரியும். கோடையில் பெரும்பகுதி வறண்டு, வெடித்த சேறாகக் கிடக்கும். ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தைக் கொடுத்தால், மே மாதத்திலும் கணினியில் ஏரி கசிந்துகொண்டிருக்கும். மாதத்துக்கொரு மட்டம் தருவது குறைந்தபட்சத் தேவை. ஏரியின் கொள்ளளவையும் கணக்கில் எடுக்கும் ‘ஏரி’ தொகுப்பு இன்னும் நல்லது.

உப்பையும் கணக்கிடும் மாதிரியில், ஒவ்வோர் எல்லையிலும் வரும் நீரின் அளவோடு அதன் உப்புச் செறிவையும் தர வேண்டும். கடல் எல்லைக்கு லிட்டருக்கு சுமார் 35 கிராம். கழுவெளிக்கு ஒரே எண் கிடையாது: மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீர், கோடையில் உவர்ப்பு. இந்தக் கடலோரப் படுகையின் நிலத்தடி நீரில் காணப்படும் உவர்ப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்கள் உண்டு என்பதை நீர்வேதியியல் ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. கடல் எல்லையில் மட்டும் உப்பைக் கொடுத்து, கழுவெளியை நன்னீர் ஏரியாக அமைத்தால், கிணற்றில் காணும் உப்பு முழுவதும் கடலிலிருந்தே வந்ததாக மாதிரி சொல்லும். வேறு விடை சொல்ல அதற்கு வழி விடப்படவில்லை.

மழையும் பம்புசெட்டும்

நிலத்தின் மேற்பரப்பும் ஓர் எல்லையே. பெய்யும் மழை அப்படியே உள்ளே இறங்குவதில்லை. ஓடியதும் ஆவியானதும் பயிர் குடித்ததும் போக மிஞ்சுவதே ஊடுருவல். பாசனத்துக்கு இறைத்த நீரிலும் ஒரு பங்கு மீண்டும் கீழே இறங்கும்.

மாதிரியின் மிகப் பெரிய எண் பெரும்பாலும் கிணற்று இறைப்பு. மிகக் குறைவாக அறியப்பட்ட எண்ணும் அதுவே. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் இல்லை. ஆகவே பயிர்ப் பரப்பைக் கொண்டோ, மோட்டார் ஓடும் நேரத்தைக் கொண்டோ இறைப்பை ஊகிக்கிறார்கள். நெல்லுக்கு ஒரு பருவத்தில் சுமார் 1,200 மி.மீ. நீர் தேவை, சவுக்கு வேரூன்றிய பிறகு பெரிதாகக் கேட்காது. நெல் வயல் சவுக்குத் தோப்பாக மாறிய ஆண்டு தெரியாவிட்டால், அந்த ஊரின் இறைப்பு எண் எத்தனை தசமத்தில் எழுதப்பட்டாலும் பயனில்லை.

வெள்ள மாதிரியில்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய வெள்ளத்தைக் கணக்கிடும் மென்பொருளில் கவனம் பெரும்பாலும் மேல் எல்லையில், அதாவது மழையில் இருக்கும். கீழ் எல்லையில் ‘தடையின்றி வெளியேறும்’ என்ற இயல்புநிலையை விட்டுவிட்டால், ஓடைகள் கழுவெளியையும் கழிமுகத்தையும் தாண்டிக் கடலில் இறங்குவதாகக் கணினி கொள்ளும். புயலின்போது கடலே உயர்ந்து கழிமுகத்தை அடைத்திருக்கலாம், ஏரியும் நிரம்பியிருக்கலாம். அப்போது தாழ்வான வயல்களில் நீர் எத்தனை நாள் தேங்கும் என்பதைத் தீர்மானிப்பது மழை அல்ல, இந்தக் கீழ் எல்லை.

சரிபார்க்கும் முறை

மாதிரி ஓடி முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வண்ணப் படத்தை அல்ல, நீர் வரவு செலவுப் பட்டியலை. ஒவ்வோர் எல்லை வழியாகவும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று மென்பொருள் எழுதிவைத்திருக்கும். மேலே கண்ட இரண்டாவது கணக்கில், மேற்கு எல்லை நாளுக்கு 1 கன மீட்டர் தருகிறது என்ற வரி அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இருக்கும். மழையே 1.5 தரும்போது, விரிசல் பாறை 1 தருமா என்று கேட்டாலே போதும்.

அடுத்து, எல்லையை மாற்றியோ சற்றுத் தள்ளி வைத்தோ மீண்டும் ஓட்ட வேண்டும். அக்கறைக்குரிய இடத்தில் விடை அசையாவிட்டால் எல்லை போதிய தொலைவில் இருக்கிறது. அசைந்தால், அந்த எல்லையை நேரில் போய் அளக்காமல் விடையை வெளியிடுவது பொருத்தமல்ல.

எங்கே போய் அளப்பது என்பதையும் மாதிரியே சொல்லும். மூன்று கணக்குகளும் கடற்கரையிலிருந்து 1 கி.மீ. உள்ளே காட்டும் நீர்மட்டங்கள் இவை: கடல்மட்டத்துக்குக் கீழே 1 மீட்டர், மேலே 1 மீட்டர், கீழே அரை மீட்டர். வேறுபாடு 2 மீட்டர்தான். மழைக்கும் கோடைக்கும் இடையே கிணற்று நீர் ஏறி இறங்கும் அளவுக்குள்ளேயே இது மறைந்துபோகலாம். பட்டையின் நடுவில் அவை முறையே கீழே 5.6, மேலே 9.4, கீழே 2.2 மீட்டர். மேற்கு ஓரத்தில் கீழே 7.5, மேலே 22.5, கீழே 0.6 மீட்டர், 30 மீட்டர் வேறுபாடு. மரக்காணம் பக்கம் கடல் உள்ளே வருகிறதா என்று அறிய விரும்புபவர் முதல் நோக்குக் கிணற்றைக் கடற்கரையில் அல்ல, பாறையும் மணற்கல்லும் சந்திக்கும் ஓமந்தூர், திண்டிவனம் பக்கத்து ஓரத்தில் போட வேண்டும்.